உடனே கவனிக்கவும்

பஸ் டிப்போவில் அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருஷமாகக் கையில் ஸ்பேனரோடு திரிவதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதுதான் இல்லை. எதையும் ஒரு சுற்று அதிகமாக இறுக்கிவிடுவார், கோபத்தையும் சேர்த்து. அதனால் வந்த பெயர். இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லிவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அவர் போகும் ஆலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபம் தேவைப்படுகிறவர்கள் ஒரு சீட்டில் எழுதி வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போடுவார்கள். எழுதியவர் பெயரும் இருக்கக் கூடாது, யாருக்காகவோ அவர் பெயரும் இருக்கக் கூடாது. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களே என்று ஞாயிறு பள்ளி டீச்சர் எல்லாவற்றையும் தன் குண்டு குண்டான எழுத்தில் வார்த்தை மாறாமல் திருப்பி எழுதி மடித்து வைப்பார். அடுத்த ஞாயிறு ஆளுக்கு ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு போய், ஒரு வாரம் காலையும் மாலையும் அதற்காக முழங்கால் போட வேண்டும். மாற்றிக்கொள்ளக் கூடாது, வெளியே மூச்சு விடக் கூடாது. போன மாதம் ஸ்பேனருக்கு வந்த சீட்டில், 'என் மாமியார் மனம் மாற வேண்டும்' என்று இருந்தது. ஏழு நாளும் ஒழுங்காக ஜெபித்தார். மாறியதா இல்லையா என்பது ஆண்டவருக்கும் அந்த மாமியாருக்கும்தான் வெளிச்சம்.

இந்த ஞாயிறு எடுத்த சீட்டை சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று பிரித்தார்.

'ஒரு குழந்தை. பிறந்து ஒன்பது நாள். எடை ஒரு கிலோ நூறு கிராம். மூச்சு நின்று நின்று வருகிறது. எடை ஏறவில்லை. குழந்தையின் தாத்தாவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதைக் குழந்தைமேல் வைக்க வேண்டாம். தயவுசெய்து உடனே கவனிக்கவும்.'

ஸ்பேனருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீட்டு எழுதி ஒரு வாரம் ஆகியிருக்கும். அப்படியானால் குழந்தைக்கு இன்றைக்குப் பதினாறு நாள். ஊரில் பதினாறு நாள் குழந்தைகள் எத்தனையோ இருக்கலாம். ஒரு கிலோ நூறு கிராமில், மூச்சு விட மறந்து மறந்து போகிற குழந்தை ஒன்றுதான். அது அவருடைய மகள் பெற்ற குழந்தை. பத்து வாரம் முந்திப் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி அளவில் கிடக்கிறது. மருமகன் சரக்குக் கப்பலில் நடுக்கடலில் இருக்கிறான். கரைக்கு வர இன்னும் மூன்று வாரம்.

ஸ்பேனர் இதை ஒரு ஜீவனிடமும் சொல்லவில்லை. மனைவியையும் சொல்ல விடவில்லை. "சபையில ஒரு பயலுக்கும் தெரியக் கூடாது. துரோகிங்க வாயில என் பேரக்குழந்தை பேச்சு வரக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

துரோகிகள் என்று அவர் சொன்னது யாரை என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிப்போவில் வேலைநிறுத்தம் நடந்தது. ஓட்டுநர்களின் ஓய்வு நேரத்தைப் பாதியாகக் குறைத்ததற்காகத் தொடங்கியது. ஸ்பேனர்தான் முன்னால் நின்றார். எல்லாரும் இறங்கினார்கள், மூன்று பேரைத் தவிர. டயர் மாற்றுகிறவர், டிக்கெட் கவுண்டர் அம்மா, நெட்டை என்கிற ஓட்டுநர். இந்த மூன்று பேரும் இதே சபை. நெட்டை ஒரே ஒரு வண்டியை எடுத்தான், ஆஸ்பத்திரிக்குப் போகும் பதினான்காம் நம்பர். "நோயாளிங்க என்னடா பண்ணுவாங்க?" என்றான். அந்த ஒரு வண்டி ஓடியதைக் காட்டியே நிர்வாகம் மற்றவர்களையும் ஒவ்வொருவராக இழுத்தது. பத்தொன்பதாம் நாள் எல்லாம் பிசுபிசுத்துப்போனது. ஸ்பேனரை நாலு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அன்றிலிருந்து ஆலயத்தில்கூட வேலைநிறுத்தக்காரர்கள் இடது பக்கம், அந்த மூன்று குடும்பமும் அவர்களுக்கு வேண்டியவர்களும் வலது பக்கம். பாட்டு ஒன்று, பைபிள் ஒன்று. போதகர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமமாகத் தலையைத் திருப்பித் திருப்பி, பாவம், அவருக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

சரி, இந்தச் சீட்டை எழுதியது யார்? ஸ்பேனருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டார். "ஆண்டவரே, என் பேத்தியைக் காப்பாத்தும்" என்று ஆரம்பித்தவர் அடுத்த மூச்சிலேயே, "இதை எழுதினது யாருன்னும் கொஞ்சம் சொல்லிடும்" என்றார்.

ஆண்டவர் சொல்வதாக இல்லை. திங்கட்கிழமை தானே கிளம்பிவிட்டார். முதலில் டயர்காரர். அவர் ஜாக்கியை ஏற்றிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் பின்னால் போய் நின்று, "என்ன, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார். இரண்டு வருஷம் கழித்துக் கேட்ட குரல். டயர்காரர் ஜாக்கிக் கம்பியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார்.

"அய்யோ அம்மா! என்னங்க, எனக்கு ஏதாவது மெமோ வந்திருக்கா?"

"இல்லையே. சும்மாதான் கேட்டேன்."

"நீங்க சும்மா கேக்குற ஆளா? உண்மையைச் சொல்லுங்க, என்னை வேற டிப்போவுக்கு மாத்திட்டாங்களா?"

இவர் இல்லை என்று ஸ்பேனருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் டிக்கெட் கவுண்டரில் போய்த் தலையை நீட்டினார். "ஜெபமெல்லாம் நல்லா பண்றீங்களா?" என்று கேட்டார். அதற்குமேல் சுற்றி வளைக்க அவருக்குத் தெரியாது.

கவுண்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பண்றேனே. உங்களுக்காகவே ஒரு வருஷம் பண்ணினேன். ஒண்ணும் மாறல, விட்டுட்டேன்" என்றார். "ஏன், இப்பதான் வேலை செய்யுதா?"

ஸ்பேனர் நீட்டிய தலையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஆள். அந்த ஆளை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சேர்க்க மனசு துணியவில்லை என்று சொல்வதுதான் சரி.

நெட்டையும் அவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருபத்தொன்பது வருஷம் ஒரே டிபன் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள். மகள் நெட்டையின் தோளில் ஏறிக்கொண்டு டிப்போவைச் சுற்றி வந்தவள். இன்றைக்கும் அவனைச் சித்தப்பா என்றுதான் சொல்வாள். வேலைநிறுத்தம் முறிந்து ஆறாம் மாதம் நெட்டையின் அம்மா இறந்துபோனார். அன்றைக்கு ஸ்பேனர் டிப்போ வாசலில் நின்றார். துக்கத்துக்குப் போகக் கிளம்பியவர்களை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார். "போறவன் போ, நாளையிலருந்து அவன் வண்டி பழுதானா என்கிட்ட வராதே." டயர்காரரையும் கவுண்டர் அம்மாவையும் தவிர யாரும் போகவில்லை. பெட்டியைத் தூக்கத் தோள் போதாமல், போதகரே அங்கியோடு ஒரு பக்கம் தூக்கினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டார். அப்படிப்பட்டவருக்கு அப்படிப்பட்டவன் சீட்டு எழுதுவானா? நடக்கிற காரியமா?

வியாழக்கிழமை மத்தியானம் விடை வந்தது. பழுதுப் புத்தகத்தில் வந்தது.

ஓட்டுநர்கள் காலை முறை முடித்து வண்டியை விடும்போது, வண்டியில் என்ன கோளாறு என்று ஒரு நோட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். ஸ்பேனர் அதைப் பார்த்து வேலை செய்வார். மற்றவர்கள், 'பிரேக் இல்லை', 'லைட் அவுட்' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நெட்டை மட்டும் டாக்டரிடம் சொல்வதுபோல விலாவாரியாக எழுதுவான். ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுகிற திமிர் என்று ஸ்பேனர் நினைப்பார். அன்றைக்குப் பதினான்காம் நம்பர் உஸ்ஸென்று கொதித்துக்கொண்டு வந்து நின்றது. ஸ்பேனர் இடது கையில் நோட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டே, சட்டைப் பொத்தான்கள் திறந்தபடி, பானட்டைத் தூக்கி நிறுத்தினார்.

'என்ஜின் சூடாகிறது. மேட்டில் மூச்சு நின்று நின்று வருகிறது. வேகம் ஏறவில்லை. தயவுசெய்து உடனே கவனிக்கவும்.'

கடைசி வரியை இரண்டாம் தடவை படித்தார். சீட்டில் இருந்த அதே வரி. அதே 'நின்று நின்று', அதே 'ஏறவில்லை'. பாவிப் பயல் ஆண்டவருக்கே பழுதுப் புத்தகம் எழுதியிருக்கிறான்! ஸ்பேனருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்த அந்த நேரத்தில், சின்னப் பயிற்சிக்காரன்கூடச் செய்யாத காரியத்தை அவருடைய வலது கை தன்பாட்டுக்குச் செய்தது. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திருகித் திறந்துவிட்டது.

வெந்நீரும் ஆவியும் பீறிட்டு நெஞ்சில் அடித்தன. ஸ்பேனர் போட்ட அலறலில் டிப்போவே நின்றுவிட்டது.

வண்டியை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்த நெட்டை நாலே எட்டில் திரும்பி வந்தான். அவரை அப்படியே அணைத்து இழுத்துக்கொண்டு போய், வண்டி கழுவுகிற குழாய்க்கு அடியில் நிறுத்தி, சட்டையைக் கிழித்து எறிந்தான்.

"கண்ணு தெரியலையாடா உனக்கு? முப்பது வருஷமா என்னத்தடா கழட்டின? கொதிக்குற மூடியைத் திறப்பானாடா எவனாவது? முட்டாள், முட்டாள்!"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு நண்பன் பேசிய முதல் பேச்சு அது. ஸ்பேனர் காயத்தின் எரிச்சலில் துடித்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா, பேசிவிட்டான் என்றிருந்தது.

முதலுதவி அறையில் கம்பவுண்டர் நெஞ்சு முழுக்க மருந்தைத் தடவிக் கட்டுப் போட்டுவிட்டு வெளியே போனார். நெட்டை சுவரோரமாக நின்றான்.

"நீதானே எழுதின?" என்றார் ஸ்பேனர்.

"என்னத்தை?"

"சீட்டை. எனக்குத்தான் வந்துச்சு."

நெட்டையின் முகம் வெளுத்தது. "அட ஆண்டவரே, இத்தனை பேர் இருக்க உன் கைக்கா போகணும்! யார் எழுதினான்னு சொல்லக் கூடாதுடா. அது சட்டம்" என்றான். அதிலேயே சொல்லிவிட்டான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் பொண்ணு தினம் என் வண்டியிலதானே ஆஸ்பத்திரிக்குப் போறா. எனக்குப் பின்னாடி சீட்லதான் உக்காருவா. ஒருநாள் இறங்காம அப்படியே உக்காந்திருந்தா. என்னம்மான்னு கேட்டேன். சொன்னா."

ஸ்பேனர் வாயைத் திறப்பதற்குள் பையில் கிடந்த ஃபோன் அடித்தது. மனைவி. பேச்சு திக்கித் திக்கி வந்தது.

"ஏங்க, உடனே வாங்க. பொண்ணுக்குக் காய்ச்சல் நூத்திரண்டு. குழந்தைகிட்டப் போகக் கூடாதுன்னுட்டாங்க. எனக்கு இருமல், என்னையும் உள்ள விட மாட்டேங்கறாங்க. பெட்டிக்குள்ள வெச்சா மூச்சு நின்னு நின்னு போகுதாம், இன்னிக்கு அஞ்சு தடவை. நெஞ்சுல போட்டுக்கிட்டா மட்டும் ஒழுங்கா விடுதுன்னு நர்ஸம்மா சொல்றாங்க. இப்படியே போனா மறுபடி மூச்சுக்குக் குழாய் போடணுமாம். போட்டா தாங்குமான்னு தெரியலைங்கறாங்க. நீங்க வந்து சட்டையைக் கழட்டிட்டு நெஞ்சுல வெச்சுக்குங்க. உடனே வாங்க."

ஸ்பேனர் தன் நெஞ்சைப் பார்த்தார். கழுத்திலிருந்து தொப்புள் வரைக்கும் வெள்ளைக் கட்டு. அதற்கடியில் தோல் கொப்பளித்துக் கிடந்தது. எறும்பு ஊர்ந்தால்கூடத் தாங்காது.

பத்து நாளாக மகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். வெறும் மார்பில் குழந்தையைப் படுக்க வைத்து, மேலே துணியைச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். ஆளின் மூச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் அது தன் மூச்சை ஞாபகம் வைத்துக்கொள்கிறதாம். இன்றைக்கு அதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். காய்ச்சல் இல்லாத, இருமல் இல்லாத, காயம் இல்லாத ஒரு நெஞ்சு.

அப்படி ஒன்று எதிரே சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது.

கேட்க வேண்டும். கேட்பதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தாயைத் தூக்கவிடாமல் தடுத்தவன், பேத்தியைத் தூக்கு என்று எந்த வாயால் கேட்பது? வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஆனால் ஆறாம் தடவை மூச்சு நிற்பதற்குள் கேட்டாக வேண்டும்.

"டேய்" என்றார். "என் குழந்தையை உன் நெஞ்சுல போட்டுக்கறியா?"

நெட்டை ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஃபோனில் பேசியது அவனுக்கும் கேட்டிருந்தது. "அஞ்சு நிமிஷம். சோப்பு போட்டுக் குளிச்சுட்டு வர்றேன். டீசல் நாத்தத்தோட போனா உள்ள விட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். ஐம்பத்தாறு வயது ஆள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து டயர்காரர், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கூடவே ஓடினார். விஷயம் தெரிந்ததும், "நாளைக்கு அவன் வண்டிக்கு ஆள் நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க" என்று வாசல்வரை வந்து கத்தினார்.

நெட்டையின் மோட்டார் சைக்கிளில் ஸ்பேனர் பின்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் நெஞ்சு தீயாக எரிந்தது. வழியெல்லாம் இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் இரண்டு பேருடைய உதடும் அசைந்துகொண்டுதான் இருந்தது.

பச்சிளங்குழந்தைகள் பிரிவின் வாசலில் நர்ஸம்மா தடுத்தார். நெட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"குடும்பத்து ஆளுங்களை மட்டும்தான் விடுவோம். இவர் யாரு?"

"குழந்தையோட சின்னத் தாத்தா" என்றார் ஸ்பேனர். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமலை அடக்கவா, அழுகையை அடக்கவா என்று தெரியவில்லை.

நெட்டையைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். குழந்தையைக் கொண்டுவந்து, சின்னத் தவளை மாதிரி கையையும் காலையும் மடக்கி, அவன் மார்பில் குப்புறப் படுக்க வைத்துத் துணியைச் சுற்றினார்கள். அவ்வளவு பெரிய மார்பில் குழந்தை இருக்கிற இடமே தெரியவில்லை. அவன் பயத்தில் தன் மூச்சையே நிறுத்திவிட்டான்.

"ஐயா, நீங்க மூச்சு விடணும்" என்றார் நர்ஸம்மா. "அதுக்குத்தானே வந்திருக்கீங்க?"

ஸ்பேனருக்கு முகமூடி மாட்டிப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். எதிரே சின்னத் திரையில் ஒரு எண், குழந்தையின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டுவது. எண்பத்து மூன்று. தொண்ணூறுக்கு மேலே இருக்க வேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். எண்பத்து நான்கு. மறுபடி எண்பத்து மூன்று. நெட்டையின் மார்பு மெதுவாக ஏறி இறங்கியது. எண்பத்து ஏழு. ஸ்பேனர் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தொண்ணூற்று ஒன்று. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்றாறில் போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. கால்மணி நேரமாயிற்று, அரைமணி ஆயிற்று. மூச்சு நின்றால் அடிக்கிற மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

"இனி இன்னிக்குக் குழாய் பேச்சு இல்ல" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா அடுத்த பெட்டிக்குப் போனார். கண்ணாடிக்கு வெளியே நின்ற மனைவி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். ஸ்பேனரின் உடம்பில் இருபது நாளாகக் கட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துவிட்டது. முகமூடிக்குள் கண்ணீர் வழிந்து உப்புக் கரித்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

"உங்கம்மா செத்த அன்னிக்கு," என்று ஆரம்பித்தார்.

"சத்தம் போடாதே. தூங்குது."

ஸ்பேனர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வாசல்ல நின்னு எல்லாரையும் திருப்பி அனுப்பினது நான்தான். தூக்க ஆள் இல்லைன்னு கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டேன்டா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதின?"

நெட்டை கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உன்னை நினைச்சா எழுதினேன்? குழந்தையை நினைச்சு எழுதினேன். உன் மேல இருந்த ஆத்திரத்தை அப்படியே வெச்சுக்கிட்டு, குழந்தைக்கு மட்டும் தனியா ஜெபம் பண்ணிடலாம்னு பார்த்தேன். அஞ்சாறு நாள் முயற்சி பண்ணினேன்டா. நடக்கல. 'ஆண்டவரே, இந்தக் குழந்தை'ன்னு ஆரம்பிச்சா, உன் மூஞ்சியும் கூடவே வந்து நிக்குது. உன்னைத் தள்ளிட்டு அதை மட்டும் கேக்க முடியல. கடைசில போகட்டும்னு ரெண்டு பேரையும் சேர்த்தே அவர்கிட்ட விட்டுட்டேன். அன்னிக்குத்தான் நானும் நல்லாத் தூங்கினேன்."

ஸ்பேனர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்னை மன்னிச்சிடுடா" என்று சொன்னார். அது அவருக்கே கேட்காத அளவுக்கு மெல்லிய குரலில் வந்தது.

நெட்டைக்குக் கேட்டது. தலையை மட்டும் ஆட்டினான். வேறு எதையும் ஆட்டுகிற நிலைமையில் அவன் இல்லை. குழந்தையின் விரல்கள் அவனுடைய நரைத்த நெஞ்சுமுடியில் ஒரு கொத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தன.

"தொண்டை வறண்டு போச்சுடா" என்றான். "மத்தியானத்துலருந்து தண்ணிகூடக் குடிக்கல. கையை எடுக்கவும் பயமா இருக்கு."

ஸ்பேனர் எழுந்தார். நெஞ்சு எரிந்தது. கையை மறுபடியும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு டம்ளர் தண்ணீரை நெட்டையின் வாயருகே பிடித்தார். இன்னொரு கையால் அவன் பிடரியைத் தாங்கிக்கொண்டார். ஒரு சொட்டுக்கூடக் குழந்தைமேல் விழாமல், கொஞ்சம் கொஞ்சமாக, அவன் போதும் என்கிறவரை குடிக்க வைத்தார்.